ரோமில் ஒரு ரீயூனியன்

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பின் மாலை நிகழ்ச்சியில், இன்னிசைக்கு முன்னதாக நிகழ்த்தப்பட்ட உரை. பேசியவர் நம் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர்; இப்போது கோவையில் பம்ப் வடிவமைப்புப் பொறியாளர். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – மலர்க் குழு)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "நீ பம்ப் கம்பெனியில இருக்க. நீர் மேலாண்மை பற்றி இருபது நிமிஷம் பேசிடு" என்றார். நான் "அண்ணே, ஒரு ஜிப்சி பாட்டுக் கோஷ்டி பிரிஞ்சு திரும்பச் சேர்ந்த கதை சொல்றேனே" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பம்ப் வருமா?" என்றார். "வரும்ணே" என்றேன். அதனால் இந்தப் பேச்சில் பம்ப் ஓர் இடத்தில் கட்டாயம் வரும். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற தம்பி தங்கைகள் கை தூக்குங்க. ஜாங்கோ தெரியுமா? தெரியும். பைத்தானில் வெப்சைட் கட்டுவதற்கான ஃப்ரேம்வொர்க். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரியுமா? பார்த்தீங்களா, கை எல்லாம் இறங்கிடுச்சு! அதை எழுதியவர்கள் ஒரு கிதார் கலைஞரின் நினைவாக வைத்த பெயர் அது. அவர்தான் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

எங்களுக்கும் அந்தக் குழப்பம் நடந்தது. நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஹாஸ்டல் அறையைக் காலி செய்த சீனியர் அண்ணன் ஒருவர் அலமாரியில் ஒரு சிடியை விட்டுவிட்டுப் போனார். மார்க்கர் பேனாவால் 'ஜாங்கோ' என்று எழுதியிருந்தது. ஏதோ சாஃப்ட்வேர் என்று நினைத்துப் போட்டோம். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகவில்லை. கிதாரும் வயலினும் கேட்டது.

அப்போது அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். நான் கிதார், அதுவும் தானாகக் கற்றுக்கொண்டது. இன்னொருவன் ஈசிஇ. எட்டு வயதிலிருந்து முறையாகக் கர்நாடக வயலின் கற்றவன். மூன்றாமவன் சிவில், கும்பகோணம் பக்கம், தபலா. மூன்று பேரும் அந்தச் சிடியை அன்று ராத்திரி மெஸ் மூடும் வரைக்கும் கேட்டோம். சாப்பாடு போச்சு. வருத்தமில்லை. அன்றைக்கு உப்புமா.

இனி அந்தக் கோஷ்டியின் கதை.

ஜாங்கோ 1910-ல் பெல்ஜியத்தில் லிபர்ஷி என்கிற ஊரில், ஒரு வண்டி வீட்டில் பிறந்தவர். 'ஜிப்சி' என்பது வெளியார் வைத்த பெயர். அவருடைய மக்கள் தங்களை 'மனூஷ்' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? மனுஷன்! நாம் பேசுகிற அதே மனுஷன்தான். ரோமானி மொழி பேசுகிறவர்களின் முன்னோர் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வட இந்தியப் பக்கத்திலிருந்து மேற்கே போனவர்கள். போகிற வழியில் எத்தனையோ மொழிச் சொற்கள் சேர்ந்தாலும், மனுஷன் மனுஷனாகவே இருந்துவிட்டான். ஜாங்கோ என்ற பெயருக்கும் 'விழிக்கிறேன்' என்று பொருள் சொல்வார்கள்.

பதினெட்டு வயதில், 1928-ல், அந்த வண்டி வீட்டில் தீப்பிடித்தது. அவர் மனைவி விற்பனைக்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் அங்கே நிறைய இருந்தன. ஒரு மெழுகுவத்தி போதுமாக இருந்தது. உயிர் தப்பினார். ஆனால் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்து மடங்கிப்போய்விட்டன. கிதார் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், தந்தியை அமுக்குகிற கை அதுதான். நான்கு விரல் வேலையை இரண்டு விரல் செய்ய வேண்டும். அவர் படுக்கையிலிருந்தபடியே முதலிலிருந்து ஆரம்பித்தார். குறுக்காகப் போகிற வாசிப்பை விட்டுவிட்டு, கழுத்தின் நீளவாக்கில் மேலும் கீழும் ஓடுகிற வாசிப்பைக் கண்டுபிடித்தார். மடங்கிய விரல்களையும் சும்மா விடவில்லை. சில கார்டுகளில் மேல் தந்திகளை அமுக்க அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார். டிசைன் வகுப்பில் 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்று சார் சொல்லும்போது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

அடுத்தவர் ஸ்டெஃபான் கிராப்பெல்லி. 1908-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா இத்தாலிக்காரர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். முதல் உலகப் போரில் அப்பா ராணுவத்துக்குப் போக, பையன் அநாதை இல்லத்தில் வளர்ந்தான். பிறகு வயலின் கிடைத்தது. தெருவிலும் வீட்டு முற்றங்களிலும் வாசித்துக் காசு வாங்கினார். ஊமைப் படக் கொட்டகையில் பியானோ வாசித்தார். இத்தாலியப் பெயர் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நுழைவதற்காக, கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டுகூட சில காலம் இசைத்தட்டில் பெயர் போட்டுக்கொண்டார்.

இந்த இரண்டு பேரும் 1934-ல் பாரிஸ் கிளாரிட்ஜ் ஹோட்டலில் ஒரே வாத்தியக் கோஷ்டியில் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் வயலினில் ஒரு தந்தி அறுந்தது. மேடைக்குப் பின்னால் புதுத் தந்தி மாட்டி, சுருதி சரி பார்க்கிறதற்காகக் கிராப்பெல்லி ஏதோ வாசிக்க, ஜாங்கோ கூடச் சேர்ந்துகொண்டார். அப்படி இடைவேளையில் ஆரம்பித்த விளையாட்டுத்தான். அந்தக் கோஷ்டியின் தலைவர் லூயி வோலா தன் டபுள் பாஸைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஷாபு என்ற கிதார்காரர் வந்தார். பிறகு ஜாங்கோவின் தம்பி ஜோசப் இன்னொரு கிதாரோடு வந்தார். ஐந்து பேர் ஆயிற்று. பாரிஸில் ஜாஸ் ரசிகர்கள் நடத்திக்கொண்டிருந்த 'ஹாட் கிளப்' என்ற சங்கம் அவர்களை எடுத்துக்கொண்டது. மாணவர்களின் ஆர்வத்தில் முளைத்த சங்கம் அது. தம்பிகளே, காலேஜ் கிளப் என்றால் சாதாரணம் என்று நினைக்காதீர்கள். 'ஹாட் கிளப் குவின்டெட்' என்று பெயர் ஆயிற்று. அதே வருஷம் டிசம்பரில் இசைத்தட்டுக்காகப் பதிவும் செய்துவிட்டார்கள்.

இதில் புதுமை என்னவென்றால், டிரம்ஸ் கிடையாது, டிரம்பெட் கிடையாது. ஜாஸ் என்றால் அமெரிக்கா, ஊதுகுழல், மேளம் என்று இருந்த காலத்தில், தந்தி வாத்தியம் மட்டும் வைத்து ஒரு கோஷ்டி. அப்போ தாளத்துக்கு என்ன செய்தார்கள்? இரண்டு கிதார்கள் தாளமாயின. முதல் தட்டில் கார்டு கொஞ்சம் ஒலிக்கும். இரண்டாவது தட்டில் வலது கை ஓங்கி அடிக்கும், அடித்த உடனே இடது கை பிடியைத் தளர்த்திவிடும். சத்தம் 'சக்' என்று அறுபடும். மறுபடி ஒலி, மறுபடி அறுப்பு. விடாமல் ஓடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'லா போம்ப்'.

பிரெஞ்சில் போம்ப் என்றால் பம்ப்.

செயலாளர் அண்ணே, வந்துடுச்சு!

நிஜமாகவே நல்ல பெயர் அது. ரெசிப்ரோகேட்டிங் பம்ப் மாதிரி, இழுப்பு ஒன்று, தள்ளல் ஒன்று. பம்ப் வேலை செய்கிறவரைக்கும் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. வீட்டில் குழாயைத் திறக்கிறவர் தண்ணீரைத்தான் பார்ப்பார். கீழே மோட்டார் நின்றால்தான் மோட்டார் ஞாபகம் வரும். ஜாங்கோவும் கிராப்பெல்லியும் தண்ணீர். அந்த இரண்டு கிதாரும் பாஸும்தான் மோட்டார். எங்கள் மூன்று பேரில் மோட்டார் யார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு சொல்கிறேன்.

எல்லாக் கோஷ்டியிலும் நடப்பது அங்கேயும் நடந்தது. கிராப்பெல்லி நேரம் தவறாதவர், சுத்தமாக உடுத்துகிறவர், நொட்டேஷன் படிக்கிறவர். ஜாங்கோவுக்கு நொட்டேஷனும் தெரியாது, எழுத்தும் சரியாகத் தெரியாது. மனசு வந்தால் கச்சேரிக்கு வருவார். வராவிட்டால் பில்லியர்ட்ஸ் மேஜையிலோ ஆற்றங்கரையில் தூண்டிலோடோ போய்த் தேட வேண்டும். ஒரு தடவை ஜாங்கோ, "ஸ்டெஃபான் தனியாக வாசிக்கும்போது அவனுக்குப் பின்னால் இரண்டு கிதார் இருக்கு, நான் வாசிக்கும்போது எனக்கு ஒண்ணுதான் இருக்கு" என்று குறைப்பட்டாராம். தம்பி ஜோசப் உள்ளே வந்ததே அதனால்தான் என்று சொல்வார்கள். அதைவிடப் பெரிய தகராறு, பெயர்த் தகராறு. 1935-ல் வந்த சில இசைத்தட்டுகளில் 'ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் அவரது நால்வரும்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த நால்வரில் ஜாங்கோவும் ஒருவர்! அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த இடத்தில் நான் என் கதைக்கு வர வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய கல்லூரிக் கலைவிழாவுக்கு எங்கள் கோஷ்டி போக வேண்டியிருந்தது. நான்தான் பொறுப்பு. ஜட்ஜுகளுக்கு வயலின் பிடிக்காது, கீபோர்டு வைத்தால் பரிசு நிச்சயம் என்று யாரோ சொன்னார்கள். நான் வயலின் பகுதியை வெட்டிவிட்டு, வேறொரு பையனைக் கீபோர்டுக்குப் போட்டேன். அவனிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினேன். மேலே என் பெயரைப் போட்டு 'குழுவினர்' என்று எழுதியிருந்தேன். கீழே அவன் பெயர் இல்லை. அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அறைக்கு வந்து வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். பரிசும் கிடைக்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

நான்காம் ஆண்டு முழுக்க மெஸ்ஸில் அவன் ஒரு மேஜை, நான் ஒரு மேஜை. தபலாக்காரன் ஒருநாள் அங்கே, ஒருநாள் இங்கே. அவன் இரண்டு பக்கமும் எந்தச் செய்தியையும் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. யாரையும் குறை சொன்னதில்லை. தட்டைத்தான் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனான்.

சரி, பாரிஸுக்குப் போவோம்.

1939 செப்டம்பரில் குவின்டெட் இங்கிலாந்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. போர் அறிவித்துவிட்டார்கள். ஜாங்கோ கையில் கிடைத்ததோடு பாரிஸுக்கு ஓடினார். கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட்டார். நடுவில் கடல், கடலுக்கு மேல் விமானத் தாக்குதல். ஆறு வருஷத்துக்கும் மேல் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷங்களை வேகமாகச் சொல்லிவிட முடியாது. நாஜிகள் யூதர்களை அழித்ததைப் போலவே ரோமா மக்களையும் அழித்தார்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள். அதே நேரத்தில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பாரிஸில், ஜாங்கோ என்ற மனூஷ் மேடை ஏறி வாசித்துக்கொண்டிருந்தார். புகழ்தான் அவருக்குக் காப்பாக இருந்தது. அது எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கும் சந்தேகம். 1943-ல் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிக்கப் பார்த்தார், முடியவில்லை. வயலினுக்குப் பதில் கிளாரினெட் வைத்துப் புதுக் கோஷ்டி அமைத்திருந்தார். 'நுவாஜ்' என்ற மெட்டை அந்தக் காலத்தில்தான் போட்டார். மேகங்கள் என்று அர்த்தம். பிரெஞ்சு ஜனங்கள் அதைத் தங்கள் துக்கத்துக்கான பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் கிராப்பெல்லி, கண் தெரியாத இளைஞர் ஜார்ஜ் ஷியரிங்கைப் பியானோவுக்கு வைத்துக்கொண்டு, குண்டு விழுகிற ஊரில் வாசித்துக்கொண்டிருந்தார்.

போர் முடிந்தது. 1946 ஜனவரியில் ஜாங்கோ லண்டனுக்கு வந்தார். சந்தித்தவுடனே என்ன பேசினார்கள்? 'சௌக்கியமா? ஏன் வரலே? லெட்டர் ஏன் போடலே?' இதெல்லாம் இல்லை. வாத்தியத்தை எடுத்து, பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசித்தார்களாம். கிராப்பெல்லி பிற்காலத்தில் அப்படித்தான் சொல்லிவந்தார். அந்த மாதக் கடைசியில் அதை ஸ்விங் தாளத்தில் இசைத்தட்டாகவே பதிந்தார்கள். அந்தப் பதிவில் பாஸ் வாசித்தவரைப் பற்றி நம் கல்லூரியில் சொல்லியே ஆக வேண்டும். கோலரிட்ஜ் கூட் என்று பெயர். ஜமைக்காவிலிருந்து ஸ்காட்லாந்துக்கு எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்க வந்தவர். படிப்பை விட்டுவிட்டு பாஸ் பக்கம் போய்விட்டார். 2015-ல் நூறு வயதில்தான் காலமானார். டிரிபிள் ஈ தம்பிகள் இதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாம். பெற்றோர் என்னை விடமாட்டார்கள்.

இப்போ ரோம். நான் பேச வந்ததே இதைத்தான்.

1949 தொடக்கத்தில் இரண்டு பேரும் ரோம் நகரத்தில் ஒரு கிளப்பில் வாசிக்கப் போனார்கள். பழைய குவின்டெட் இல்லை. ஜோசப் இல்லை, வோலா இல்லை, 'பம்ப்' அடிக்கிற கிதார் ஒன்றுகூட இல்லை. உள்ளூர் இத்தாலியர்கள் மூன்று பேரைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். பியானோவுக்கு ஜான்னி சஃப்ரெட், பாஸுக்குக் கார்லோ பெகோரி, டிரம்ஸுக்கு அவுரேலியோ டி கரோலிஸ். டிரம்ஸே வேண்டாம் என்று ஆரம்பித்த கோஷ்டி, டிரம்ஸோடு உட்கார்ந்தது. ஒருவர் தாய்மொழி மனூஷ், ஒருவர் பாரிஸ்காரர், மூன்று பேர் இத்தாலியர். பாட்டுகளில் பாதி அமெரிக்கப் பாட்டு. அப்படி ஜனவரி, பிப்ரவரியில் அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தார்கள்.

இதில் 'மைனர் ஸ்விங்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. 1937-ல் பழைய கோஷ்டி பதிவு செய்ததுதான். முக்கியமாக மூன்றே கார்டு. ஆரம்பத்தில் சின்னதாக ஒரு படிக்கட்டு மாதிரி இசை, அதற்கப்புறம் எல்லாம் மனோதர்மம்தான். எங்கள் வயலின்காரன் முதல் தடவை கேட்டபோதே, "டேய், இது நம்ம கீரவாணிக்குப் பக்கத்து வீடுடா" என்றான். அதுதான் எங்கள் மூன்று பேருடைய பாட்டும்.

1937 பதிவையும் 1949 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் இருந்தது. பழையதில் பின்னால் அந்தப் பம்ப் துள்ளும். ஐந்து பேரும் ஒரே வண்டியில் போகிறாற்போல இருக்கும். ரோமில் அது இல்லை. தாளம் பரவாயில்லை ரகம்தான். ஜாங்கோவின் காது அதற்குள் அமெரிக்காவின் புது இசையான பெபாப் பக்கம் போய்விட்டது. 1946-ல் ட்யூக் எல்லிங்டனோடு அமெரிக்காவில் வாசித்துவிட்டு வந்தவர். எதிர்பாராத ஸ்வரங்களில் போய் நிற்கிறார். பழைய பாட்டை அவர் பழைய மாதிரி வாசிக்க மாட்டேன் என்கிறார். கிராப்பெல்லியின் வில்லும் முன்னைவிட அழுத்தமாக, முதிர்ச்சியாக இருக்கிறது.

ஆனால் நாலைந்து தடவை கேட்டால் ஒன்று புரியும். ஒருவர் முடிக்கிற இடம் இன்னொருவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. ஜாங்கோ எங்கோ தூரத்தில் போய் விழுவார் போலிருக்கும்போது, வயலின் அந்த இடத்தில் வந்து நிற்கிறது. இந்த ஒன்றைப் புதிதாகப் பழகிக்கொள்ள முடியாது. இருபது வயதில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தவர்களுக்குத்தான் அது வரும். அவர்கள் 1934-க்குத் திரும்பிப் போக முயற்சி செய்யவில்லை. பதினைந்து வருஷத்தில் தாங்கள் என்ன ஆனார்களோ, அதைக் கொண்டுவந்து பழைய பாட்டின் மேல் வைத்தார்கள். அதனால்தான் அந்தப் பதிவு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பதிவுகளுக்கு அப்போது கைதட்டல் கிடைத்ததா என்றால், இல்லை. அவை ஆல்பமாக வரவே இல்லை. நாடாவும் தட்டுமாக எங்கோ கிடந்தன. ஜாங்கோ 1951-ல் சாமுவா என்கிற ஆற்றங்கரைக் கிராமத்தில் குடியேறினார். 1953 மே 16, மூளையில் ரத்தக்கசிவு. வயது 43. ரோமுக்கு அப்புறம் அவரும் கிராப்பெல்லியும் சேர்ந்து ஒரு பதிவும் செய்யவில்லை. அந்த ரோம் பதிவுகளிலிருந்து சிலவற்றை எடுத்து 'ஜாங்கோலஜி' என்ற ஆல்பமாக ஆர்சிஏ கம்பெனி வெளியிட்டது 1961-ல். ஜாங்கோ போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவர்களின் மறுவரவு ஆல்பம் அது. வந்தவர்களில் ஒருவர் அதைப் பார்க்கவில்லை.

இனி எங்கள் மோட்டார் யார் என்று சொல்கிறேன்.

2020-ல் ஊரடங்கு. எல்லோரும் வீட்டில். நம் தபலாக்காரன் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தான். மூன்றே மெம்பர். பத்து வருஷமாகப் பேசாத இரண்டு பேரை ஒரே குரூப்பில் போட்டுவிட்டான். அதில் ரோம் பதிவின் மைனர் ஸ்விங்கை அனுப்பினான். "அவங்கவங்க வீட்ல தனித்தனியா வாசிச்சு அனுப்புங்கடா. தபலா போட்டு நான் சேர்த்துத் தர்றேன்" என்று எழுதினான். நான் "பார்க்கலாம்டா" என்று போட்டேன். அரை மணி நேரம் கழித்து வயலின்காரனும் "பார்க்கலாம்" என்று போட்டான். நான் அவனுக்குப் பதில் எழுதவில்லை. அவனும் எனக்கு எழுதவில்லை. நடுவில் தபலாக்காரன் மட்டும் மாதம் ஒரு தடவை, "என்னடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கிதார் என் வீட்டுப் பரண்மேல்தான் இருந்தது. ஏணி வைத்தால் இரண்டு நிமிஷம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அவன் போய்விட்டான். நம் வகுப்புக் குரூப்பில்தான் செய்தி பார்த்தேன். போகக்கூட முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் பெங்களூர் வண்டி ஒன்று நின்றது. உள்ளே வயலின்காரன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குத் தேசிய கீதமெல்லாம் வாசிக்கத் தோன்றவில்லை. பேச்சும் வரவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். "நீங்க மூணு பேரும் சேர்ந்து வாசிக்கப் போறதாச் சொல்லிட்டே இருந்தான் தம்பி. வாசிச்சீங்களா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்று, நோட்டீஸ் போர்டு விஷயத்துக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன், "அதை விடுடா. பரணிலேர்ந்து கிதாரை இறக்கு" என்றான். கிதார் பரணில் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தட்டைத் தூக்கிக்கொண்டு மாறி மாறிப் போனவன் சொல்லியிருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் பத்து வருஷமாகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் அவன்தான். நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் மாதம் ஒரு ஞாயிறு அவன் கோவைக்கு வருகிறான், இல்லையென்றால் நான் பெங்களூர் போகிறேன். முதல் நாள் வாசித்தது கேட்கச் சகிக்கவில்லை. என் விரல் நுனியில் பழைய காய்ப்பு எல்லாம் போய், பிஞ்சுக் கை மாதிரி ஆகியிருந்தது. அவன் இடைப்பட்ட காலத்தில் விடாமல் கர்நாடக சங்கீதம் வாசித்து எங்கேயோ போயிருந்தான். ஹாஸ்டலில் வாசித்த மாதிரியே வாசித்துப் பார்த்தோம், வரவில்லை. "அது வராதுடா. இப்ப நமக்கு என்ன வருதோ அதை வாசிப்போம்" என்றான். அன்றைக்குத்தான் எனக்கு ரோம் பதிவு முழுதாகப் புரிந்தது.

கிராப்பெல்லியின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாங்கோ போன பிறகு பல வருஷம் ஹோட்டல்களில் வாசித்துக் காலம் தள்ளினார். 1973-ல், அறுபத்தைந்து வயதில், டிஸ் டிஸ்லி என்பவரின் கிதார்களை மறுபடி பின்னால் வைத்துக்கொண்டு மேடை ஏறினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1984-ல் நம் சென்னையில் பிறந்த எல். சுப்பிரமணியம் அவர்களோடு சேர்ந்து 'கான்வர்சேஷன்ஸ்' என்று ஓர் ஆல்பம் வாசித்தார். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டருக்குப் படித்து வயலினுக்குப் போனவர் சுப்பிரமணியம். கிராப்பெல்லி 1997 டிசம்பர் 1-ஆம் தேதி, 89 வயதில் காலமானார். ஜாங்கோவுக்குப் பிறகு நாற்பத்துநான்கு வருஷம். அத்தனை வருஷத்தில் அவர் வாசிக்காத ஊர் இல்லை, சேராத ஆள் இல்லை. ஆனால் ஜாங்கோவோடு இன்னொரு மைனர் ஸ்விங் வாசிக்கிற வாய்ப்பு, 1949-லிருந்து 1953 வரை நான்கே வருஷம்தான் இருந்தது. அது அந்த நான்கு வருஷத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நமக்கும் தெரியாது.

தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் அறையில், உங்கள் மேஜையில் இப்போது யாரோடு சண்டை என்று எனக்குத் தெரியாது. தப்பு உங்கள் மேல் என்றால் நோட்டீஸ் ஒட்டாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். வேலைக்குப் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றால், பத்து வருஷம் எப்படிப் போகிறது என்றே தெரியாது.

இங்கே வந்திருக்கிற என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. காலையிலிருந்து பார்க்கிறேன், 'அப்படியே இருக்கடா, மாறவே இல்லை' என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம். முடி போயிருக்கிறது, தொப்பை வந்திருக்கிறது, சிலருக்குக் கஷ்டமும் வந்திருக்கிறது. மாறித்தான் இருக்கிறோம். மாறினவர்களாகவே உட்கார்ந்து பேசுவோம். ரீயூனியன் என்று அச்சடித்து மாட்டியிருக்கிற அந்தப் பேனருக்கு அதுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன்.

செயலாளர் அண்ணன் வாட்சைக் காட்டுகிறார். முடித்துவிட்டேன்.

இப்போது நாங்கள் மைனர் ஸ்விங் வாசிக்கப் போகிறோம். வயலின்காரன் மேடைக்குப் பின்னால் சுருதி சரி பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்கே கேட்கும். தபலாவுக்கு நம் கல்லூரி மூன்றாம் ஆண்டு ஈசிஇ தங்கை ஒருவர் வருகிறார். எங்களோடு ஒரே ஒருநாள்தான் ஒத்திகை பார்த்திருக்கிறார். ரோமில் அந்த மூன்று இத்தாலிக்காரர்கள் மாதிரி, முன்பின் தெரியாத இரண்டு பேருக்குத் தாளம் தரச் சம்மதித்திருக்கிறார். வாசிக்கப் போவது எங்கள் நண்பனின் தபலாவில். அவன் அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான்.

அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது. தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.